சீரியல் டப்பா, ஷூ பாக்ஸ் அட்டையில நோட்டு தைக்கிறோம், அட்டை வளைஞ்சுக்குது, என்ன பண்ணலாம்?

சத்துவாச்சாரி அனு:

எல்லாருக்கும் வணக்கம். பசங்களுக்கு லீவு விட்டாச்சு, நம்ம வேலூர் வெயில்தான் தெரியுமே, காலைல பத்து மணிக்கு மேல தெருவுல விட முடியல, அதனால வீட்டுக்குள்ள உக்காந்து செய்ற மாதிரி ஒரு வேலை ஆரம்பிச்சோம், வீட்டுல சேர்ற அட்டைப்பெட்டிய வெட்டி சின்ன சின்ன நோட்டு செய்றது. கார்ன்ஃபிளேக்ஸ் டப்பா, ஓட்ஸ் டப்பா, டூத்பேஸ்ட் பெட்டி, ஆன்லைன்ல வர்ற பிரவுன் அட்டை, செருப்பு வாங்கின பாக்ஸ், மாமியாருக்கு மாசாமாசம் வர்ற மருந்து டப்பா, எல்லாம் பரண்ல குவிஞ்சு கிடக்குது, பழைய பேப்பர் கடைக்காரர் அட்டைக்கு குடுக்கிற காசு ஆட்டோக்கு கூட பத்தாது.

மொதல்ல பசங்க விளையாட்டுக்குன்னுதான் செஞ்சோம். இப்ப என்னன்னா வைகாசி கடைசில எங்க கிரகப்பிரவேசம், தாம்பூலப் பையில அந்த பிளாஸ்டிக் டப்பாவ போட்டு குடுக்காம இந்த நோட்டையே ஒரு அறுபது செஞ்சு குடுத்துடலாமேன்னு எனக்கு ஆசை வந்துடுச்சு. மாமியார் "குப்பைய பையில போட்டு குடுக்கிறியா"ன்னு கேக்கறாங்க. அதனால கொஞ்சம் லட்சணமா வரணும்.

பிரச்சினை என்னன்னா, அட்டை மேல பிரவுன் பேப்பரோ பழைய புடவை துணியோ ஃபெவிகால் போட்டு ஒட்டினா ராத்திரி நல்லா இருக்குது, காலைல பாத்தா பொரிச்ச அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்குது. மொட்டை மாடியில காய வெச்சா இன்னும் மோசம். டப்பாவோட உள்பக்கம் சாம்பல் கலரா இருக்கே, அதையே பக்கமா வெச்சு எழுதலாம்னு பாத்தா இங்க் பேனா போட்டா பரவுது. நடுவுல ஸ்டேப்ளர் அடிச்ச நோட்டெல்லாம் பையன் ரெண்டு தடவ பிரிச்சான்னா நடு பேப்பர் கையோட வந்துடுது. நூல்ல தைக்கலாம்னா என்ன நூல், எப்படி ஓட்டை போடறது, ஒன்னும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


குடியாத்தம் தறிக்காரன்:

அக்கா மொதல்ல அந்த ஸ்டேப்ளர தூக்கி வெய்யுங்க. அந்த சின்ன பின்னு அட்டையோட சேத்தி அவ்ளோ பேப்பர பிடிக்காது, பிடிச்சாலும் ஐப்பசி கார்த்திகையில துரு ஏறி பேப்பர்ல காவி கறை எறங்கிடும். ஊட்ல தையல் மிஷின் கீதா? கீதுன்னா பாதி வேல முடிஞ்சுது. உள்ள வெக்கற பேப்பர், மேல அட்டை, ரெண்டையும் சேத்து விரிச்சு வெச்சிகினு நடுவுல நேரா ஒரே தையல். 16ம் நம்பர் ஊசி போடுங்க, அட்டை தடிப்பா இருந்தா 18. தையல் நீளத்த மிஷின்ல எவ்ளோ பெருசா வெக்க முடியுமோ அவ்ளோ பெருசா வெய்ங்க, பொடி தையல் போட்டா ஓட்டை நெருக்கமா விழுந்து அந்த கோட்லயே பேப்பர் பிஞ்சி வந்துடும். ரிவர்ஸ் போடாதீங்க, அதுவும் அதே கதைதான், ரெண்டு முனையிலயும் நூல நீட்டா வுட்டு கையால முடிச்சு போட்டுடுங்க. பேப்பர் தெச்ச ஊசிய மறுபடி ஜாக்கெட்டுக்கு போட்டுடாதீங்க, மொனை மழுங்கி போய் இருக்கும், துணிய இழுத்துடும்.

இன்னொன்னு, நோட்டு முதுகு பக்கம், அதான் மடிச்சு தெச்ச ஓரம், அதுல ஒட்டறதுக்கு பைண்டிங் கடையில போடற காலிகோ துணி தேடிகினு அலையாதீங்க. எங்க ஊர்ல கைலி வெட்டற எடத்துல ஓரம் வெட்ன துண்டு நெறைய கீது, கட்டம் போட்டது, சாயம் போகாது, ஒரு தடவ கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிட்டா கம்மு மறுபக்கம் ஊறாது. பாக்கறதுக்கும் ஜம்முனு இருக்கும், உங்க மாமியாரே கேட்டு வாங்குவாங்க.


பழைய பைண்டர்:

அனு, நான் லாங் பஜார் பக்கம் ஒரு பிரஸ்ல ரொம்ப காலம் பைண்டிங் வேலை பாத்தவன், இப்ப கண்ணு சரியில்ல, வீட்டோட இருக்கேன், போன்ல பேசியே டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோம்மா.

அட்டை வளையறதுக்கு ஃபெவிகால திட்டாத. அட்டையில நார் எந்த வாட்டத்துல படுத்திருக்குன்னு பாக்காம வெட்டியிருக்க, அதான் விஷயம். மில்லுல கூழ ஓடுற வலை மேல விடறப்ப நாரெல்லாம் மிஷின் ஓடுற திசையிலயே படுத்துக்கும். ஈரம் பட்டா நார் நீளவாட்டுல அதிகமா வளராது, குறுக்குவாட்டுலதான் உப்பும், காயறப்ப அதே குறுக்குவாட்டுல சுருங்கும். நீ ஒரு பக்கம் மட்டும் ஈரமான பேப்பர ஒட்டற, அது காஞ்சு சுருங்கறப்ப அட்டையையும் சேத்து இழுக்குது. மொட்டை மாடியில வெச்சா மேல் பக்கம் சட்டுனு காஞ்சு கீழ்ப்பக்கம் ஈரமா நிக்கும், அப்ப இழுவை இன்னும் ஜாஸ்தி. வேலூர் வெயில் பைண்டிங்குக்கு ஆகவே ஆகாது, நிழல்லதான் காயணும்.

வாட்டம் பாக்கறது சுலபம். அட்டைய கையில வெச்சு நீளவாக்குல ஒரு தடவ லேசா மடக்கு, அகலவாக்குல ஒரு தடவ மடக்கு. எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாம வளையுதோ அந்த மடிப்புக்கோடு போற திசைதான் நார் வாட்டம். சந்தேகமா இருந்தா சின்ன துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணி தடவு, உடனே குழாய் மாதிரி சுருளும், அந்தக் குழாய் எந்தத் திசையில நீளமா நிக்குதோ அதான் வாட்டம். நோட்டோட முதுகும் வாட்டமும் ஒரே திசையில இருக்கணும், அவ்வளவுதான் சட்டம். ஒட்டற பேப்பருக்கும் அதே சட்டம்.

இப்ப உன் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவ பாரு. அந்த மாதிரி நிக்கிற டப்பாவுல பெரும்பாலும் வாட்டம் டப்பாவ சுத்தி படுக்கையா போகும், பக்கம் உப்பாம இருக்கறதுக்காக அப்படி அடிப்பாங்க. நீ படம் நேரா தெரியணும்னு டப்பாவ நிக்க வெச்ச மாதிரியே வெட்டியிருப்ப, அப்ப முதுகுக்கு குறுக்கால வாட்டம் வந்துடும். டப்பாவ படுக்க வெச்சு வெட்டு. படம் சாஞ்சு தெரியும், தெரிஞ்சா தெரியட்டும், அதுவும் ஒரு அழகுதான்.

ரெண்டாவது, வெளிப்பக்கம் ஒட்டினா உள்பக்கமும் ஒன்னு ஒட்டணும், அப்பதான் ரெண்டு இழுவையும் சமமாகும். உள்ள ஒட்டறது சாதா வெள்ளை பேப்பர் போதும். கம்ம பிரஷ்ல மெல்லிசா, நடுவுலருந்து ஓரத்துக்கு தடவு. ஒட்டினதும் ரெண்டு பக்கமும் நியூஸ் பேப்பர் வெச்சு, மேல பலகை, அது மேல அரிசி டிரம்மோ அம்மிக்கல்லோ ஏத்தி ராத்திரி பூரா விட்டுடு. ஒரு மணி நேரம் கழிச்சு ஈரமான நியூஸ் பேப்பர எடுத்துட்டு வேற போடு, இத மட்டும் சோம்பேறித்தனம் பாக்காம செய், பாதிப்பேர் இங்கதான் விடுறாங்க.


சத்துவாச்சாரி அனு:

அண்ணா ரொம்ப ரொம்ப நன்றி! இப்பதான் பரண்ல இருந்து ஓட்ஸ் டப்பா ஒன்ன எடுத்து தண்ணி தடவி பாத்தேன், சொன்ன மாதிரியே சுருண்டுச்சு, பொண்ணு இன்னும் நாலு துண்டு வெட்டி வெட்டி சுருட்டிட்டே இருக்கா. தறிக்கார தம்பி, மிஷின் இருக்குதுப்பா, ஆனா கால் மிஷின், பழசு, அட்டை தாங்குமான்னு பாக்கறேன்.

அப்ப உள்ள பேப்பருக்கு என்ன பண்றது? வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல ஒன் சைட் பேப்பர் கட்டு கட்டா வருது. மாமியாரோட ஆஸ்பத்திரி பேப்பரும் நெறைய இருக்குது, பின்பக்கம் சுத்தமா வெள்ளை.


காட்பாடி ஜங்ஷன்:

அக்கா என்ன கேட்டா பேப்பரையும் நீங்களே செய்யலாம். எங்க காலேஜ் கிளப்ல பண்ணோம். அட்டைய கிழிச்சு ராத்திரி ஊற வெச்சு மிக்சியில அடிச்சு கூழாக்கி, பெரிய டப்புல தண்ணியோட கலக்கி, ஃபிரேம்ல கொசுவலை அடிச்சு அதால அள்ளினா ஒரு லேயர் நிக்கும், அத காட்டன் துணியில கவுத்துப் போட்டு தண்ணிய ஒத்தி எடுத்து காய விட்டா ஹேண்ட்மேட் பேப்பர் ரெடி. சாமந்திப்பூ இதழ், வெங்காயத் தோல்னு போட்டா செம லுக். முழுக்க முழுக்க ரீசைக்கிள்டுனு சொல்லிக் குடுக்கலாம், கடையில இதே நோட்டு முன்னூறு நானூறு ரூபா சொல்றாங்க.


பழைய பைண்டர்:

தம்பி, ஆசைக்கு நாலு தாள் செய்ய நல்லாத்தான் இருக்கும், நானும் வேணாம்னு சொல்லல, ஆனா அறுபது நோட்டுக்கு அந்த அம்மா மிக்சிய வெச்சுகிட்டு எத்தன நாள் உக்காரும் சொல்லு. அதில்லாம டப்பா அட்டைங்கிறது ஏற்கனவே பல தடவ கூழாகி வந்த நாரு. ஒவ்வொரு தடவ கூழாக்கறப்பவும் நாரு ஒடிஞ்சு குட்டையாகும், அஞ்சு ஆறு தடவைக்கு மேல அது தாளா நிக்கறதுக்கே ஆகாது. அந்த சாம்பல் கலரே பழைய பேப்பர் மையெல்லாம் கலந்து வந்ததுதான். அதுல செஞ்ச தாள் மடிச்சா மடிப்புல வெடிக்கும். கூழ் போடணும்னா ஆன்லைன் பெட்டியோட பிரவுன் பேப்பர், துணிக்கடை பிரவுன் பை, இதுங்கள போடு, அதுல கொஞ்சம் நீள நாரு இருக்கும். அப்பவும் மை உறிஞ்சற தாளுதான், மேல பசை இல்லாததால இங்க் பரவும், காஞ்ச தாள் மேல மெல்லிசா கஞ்சித் தண்ணி ஒரு பூச்சு குடுத்தாதான் பேனா நிக்கும். அனு, உன் டப்பாவோட சாம்பல் பக்கம் இங்க் பரவுறதும் இதே கதைதான். பால் பாயிண்டோ பென்சிலோ போடு, இல்லன்னா அந்தப் பக்கத்துல எழுதறதயே விட்டுடு.


காட்பாடி ஜங்ஷன்:

ஓகே தாத்தா, வெடிச்சது உண்மைதான், நாங்க அத ரஸ்டிக் ஃபினிஷ்னு சொல்லி வித்துட்டோம் 😄 அப்ப அட்டைக்கு முன்னாடி ஒரே ஒரு தாள் மட்டும் கையால செஞ்சது வெச்சா என்ன? எழுத வேணாம், சும்மா அழகுக்கு.


பழைய பைண்டர்:

அது நல்ல யோசனை. அறுபது தாளுன்னா முடிக்கலாம், பசங்களுக்கும் தண்ணியில கைய விட்டு விளையாடின மாதிரி இருக்கும். கூழ் கலந்த தண்ணிய மட்டும் சிங்க்ல ஊத்தாதீங்க, குழாய் அடைச்சுக்கும், துணியில வடிகட்டிட்டு செடிக்கு ஊத்துங்க.

அனு, உள்ள வெக்கற பேப்பருக்கு வர்றேன். ஒன் சைட் பேப்பர் பசங்க ரஃப் நோட்டுக்கு ரொம்ப நல்லது, ஆனா அத நடுவுல மடிச்சு தைக்காத, ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் அச்சு தெரியும். ஏ4 தாள அச்சு உள்ள போற மாதிரி பாதியா மடி. மடிப்பு வெளிய, பிரிஞ்ச ஓரம் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி அடுக்கு. அப்ப திருப்புற ஒவ்வொரு பக்கமும் வெள்ளையா இருக்கும், அச்சு மடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும். பிரிஞ்ச ஓரத்துலருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வரிசையா நாலு ஓட்டை போட்டு பக்கவாட்டுல தெச்சிடு. ஜப்பான்காரங்க பழைய புஸ்தகமெல்லாம் இந்த முறைதான். முழுசா விரியாது, அது ஒன்னுதான் குறை.

கிரகப்பிரவேசத்துக்கு குடுக்கறதுக்கு மட்டும் புதுப் பேப்பர் போடும்மா, வீட்டு அட்டைதானே உன் விஷயம், உள்ள வெள்ளை இருந்தா வாங்கினவங்க எழுதுவாங்க, இல்லன்னா ஷோகேஸ்ல போயிடும். கணக்கு சொல்றேன் பாரு. 70 ஜிஎஸ்எம் (அது பேப்பரோட கனம்) ஏ4 ஒரு ரீம், 500 தாளு. எல்லாத்தையும் பாதியா வெட்டினா 1000 ஏ5. நோட்டுக்கு 16 வெச்சு நடுவுல மடிச்சா 64 பக்கம், சட்டைப் பாக்கெட் சைஸ். அறுபது நோட்டுக்கு 960 போகும், 40 மீதி, அது வெட்டு தப்பினதுக்கு சரியாப் போயிடும். இதுல ஒரு சௌகரியம் இருக்கு. ஏ4 தாள்ல வாட்டம் பெரும்பாலும் நீளத்துல போகும், பாதியா வெட்டி மறுபடி மடிக்கறப்ப மடிப்பு தானா வாட்டத்தோட ஒத்துப்போயிடும். வெறும் ஏ4அ வெட்டாம ஒரு தடவ மடிச்சு தெச்சா வாட்டம் குறுக்கால வரும், நோட்டு வெறைச்சுக்கிட்டு மூடாம நிக்கும். அட்டைக்கு 15க்கு 21.5 சென்டிமீட்டர் போதும். டப்பாவோட முன்பக்கம் ஒன்னு, பின்பக்கம் ஒன்னு, ஒரு பெரிய டப்பாவுக்கு ரெண்டு நோட்டு. ஆக முப்பது டப்பா. உங்க தெருவுல கேட்டாலே கிடைச்சிடும்.


ஆம்பூர் சோல்:

அனு மேடம், குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஆஸ்பத்திரி பேப்பர்னு சொன்னீங்களே, அத நோட்டுக்கு போடாதீங்க, வீட்டுப் பசங்களுக்கு கூட வேணாம். பேரு, வயசு, நம்பர், என்ன வியாதி, என்ன மருந்து, எல்லாம் அதுல இருக்கும், பையன் ஸ்கூலுக்கு எடுத்துட்டு போயி மடிப்ப கிழிச்சு பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதெல்லாம் ஃபைல்ல இருக்கணும், தேவையில்லாதது கிழிச்சு கூழுக்கு போகட்டும், காட்பாடி தம்பி மிக்சிக்கு. எக்ஸ்ரே வர்ற பெரிய கவர் இருந்தா அது வேற, தடி பேப்பர், பேரு எழுதின இடத்த வெட்டிட்டு மிச்சத்துல அட்டைக்கு உறை போடலாம். அதே மாதிரி சூப்பர் மார்க்கெட் பில்லு, ஏடிஎம் சீட்டு, அந்த வழவழ பேப்பர் எதையும் கூழுலயோ நோட்டுலயோ சேக்க வேணாம். அதுல சூடு பட்டா கருக்கற மருந்து பூசியிருக்காங்க, பசங்க கையில வெச்சு ஊற வெக்கற பொருள் இல்ல.

நூலுக்கு சொல்றேன். எங்க பக்கம் ஷூ அப்பர் தைக்கற நைலான் நூல் கோன் கோனா கிடைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்க போயி கேட்டாலும் கிடைக்கும், அறுக்கவே முடியாது. ஆனா பேப்பருக்கு அது ஓவர், நூல் அறுந்து போகாம பேப்பர அறுத்துடும். வெறும் காட்டன் நூல் ரெண்டு இழைய சேத்து, மெழுகுவத்தி மேல வெச்சு ரெண்டு தடவ இழுங்க, தேன்மெழுகு இருந்தா இன்னும் நல்லது. நூல் முறுக்கிக்காது, முடிச்சு நழுவாது. ஓட்டை போட செருப்பு தைக்கறவர் வெச்சிருக்கற குத்தூசிதான் பெஸ்ட், இல்லன்னா கோணி ஊசி. கீழ பழைய ஹவாய் செருப்ப வெச்சுகிட்டு குத்துங்க, டேபிள் தப்பிச்சுது, கையும் தப்பிச்சுது.

கையால தைக்க மூணு ஓட்டை போதும், நடுவுல ஒன்னு, மேலயும் கீழயும் ஓரத்துலருந்து ரெண்டு சென்டிமீட்டர் விட்டு ஒன்னு ஒன்னு. உள்ளருந்து நடு ஓட்டை வழியா வெளிய வாங்க, வால் கொஞ்சம் உள்ளயே விட்டுடுங்க. வெளிய மேல போயி மேல் ஓட்டை வழியா உள்ள. உள்ளயே நடுவ தாண்டி நேரா கீழ் ஓட்டைக்கு வந்து வெளிய. திரும்ப நடு ஓட்டை வழியா உள்ள. இப்ப உள்ள ஒரு நீள நூல் மேலருந்து கீழ வரைக்கும் படுத்திருக்கும், நூலோட ரெண்டு முனையும் அதுக்கு ஆளுக்கொரு பக்கமா இருக்கணும், அத நடுவுல வெச்சு இறுக்கி முடிச்சு. இழுக்கறப்ப முதுகோட வாட்டமாவே இழுங்க, நேரா மேல தூக்கி இழுத்தா ஓட்டை கிழிஞ்சிடும். நூல் நோட்டு உயரத்துக்கு மூணு மடங்கு எடுத்தா சரியா இருக்கும்.

ஷூ பாக்ஸ மெல்லிசு நோட்டுக்கு வீணாக்காதீங்க. அது தடி கிரே போர்டு, கெட்டி அட்டை போட்டு பெரிய நோட்டு பண்றதுக்கு வெச்சுக்குங்க.


குடியாத்தம் தறிக்காரன்:

ஆம்பூர் பாய், அப்டியே பிரியாணி பாக்ஸ் பத்தியும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, எங்க ஊட்ல அதான் நெறையா கீது 😂


ஆம்பூர் சோல்:

பிரியாணி பாக்ஸ், ஆற்காடு மக்கன் பேடா பாக்ஸ், எண்ணெய் பட்ட எதுவும் வேணாம் ப்ரோ. மேல தெரியலன்னாலும் வெயில் காலத்துல கசிஞ்சு பக்கத்து பேப்பருக்கு வந்துடும், எறும்பும் கரப்பான் பூச்சியும் பின்னாடியே வரும். அதுங்க உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு வேற இருக்கும், கூழுக்கும் ஆகாது. ஜூஸ் வர்ற டெட்ரா பேக் மட்டும் விதிவிலக்கு. அதுல முக்கால் பாகம் அட்டை, மிச்சம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும், கழுவி விரிச்சு காய வெச்சா உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும், தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆகாது. மளிகைக் கணக்கு நோட்டு, சமையல்கட்டுல தொங்க விடற நோட்டுக்கு அட்டையா போடலாம். கம்மு பிடிக்காது, தைக்க மட்டும்தான் முடியும்.


ஆரணி பாவு:

எங்க வீட்டுல பட்டுத்தறி, நானும் சொல்லலாமா. தறியில டிசைன் விழ வெக்கற ஜக்கார்டு பொட்டி மேல ஓட்டை போட்ட அட்டை மாலை மாதிரி கோத்து தொங்கும் பாத்திருப்பீங்க, ஒரு டிசைனுக்கு ஒரு கட்டு. டிசைன் பழசானா, கம்ப்யூட்டர் ஜக்கார்டு மாத்தினா, அந்த அட்டையெல்லாம் மூட்டை கட்டி திண்ணையில கிடக்கும். நல்ல கெட்டி அட்டைங்க அது, தெனம் தறியில ஊசி குத்தி குத்தி தாங்கினது. நான் அத நீளமா குறுகலா இருக்கற கணக்கு நோட்டுக்கு மேல் அட்டையா போடறேன், ஓட்டை வழியா உள்ள இருக்கற கலர் பேப்பர் தெரியும், ஒரு ஜரிகை பார்டரோட பூவோ அன்னமோ அந்த ஓட்டையிலதான் ஒளிஞ்சிருக்குன்னு சொன்னா வாங்கறவங்க திருப்பி திருப்பி பாப்பாங்க. அனு, உங்களுக்கு வேணும்னா ஆரணி பக்கம் தறி வெச்சிருக்கற யாரையாவது கேளுங்க, சும்மாவே குடுப்பாங்க, இல்லன்னா எடைக்கு.

ஒட்டறதுக்கு நான் ஃபெவிகால் வாங்கறதே இல்ல. மைதா பசைதான். ஒரு பங்கு மைதா, அஞ்சு பங்கு தண்ணி, பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுட்டு அப்புறம் அடுப்புல வெச்சு கிண்டணும், வெள்ளை போயி கண்ணாடி மாதிரி ஆகறப்ப எறக்கிடணும், ஆறினதும் கெட்டியாகும்.


பழைய பைண்டர்:

மைதா பசைதான் எங்க காலத்துலயும். நாங்க அதுல மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவோம், ராமபாணப்பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. ஆனா அது விஷம், சின்னப் பசங்க இருக்கற வீட்டுல, சமையல் பாத்திரத்துல, கண்டிப்பா வேணாம். துத்தம் இல்லாம செஞ்சா ரெண்டு மூணு நாளைக்கு வர்ற அளவு மட்டும் காச்சி ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கோ. நோட்டு அடுக்கி வெக்கற டப்பாவுல வசம்பு துண்டு நாலு போட்டு வை, பூச்சி வராது.

ஒன்னு மட்டும். மைதா பசையில ஃபெவிகால விட தண்ணி ஜாஸ்தி, அப்ப வளையறதும் ஜாஸ்தி. முதுகுத் துணி, சின்ன சின்ன ஒட்டுக்கு மைதா. முழு அட்டை மேல பேப்பர் ஒட்டறதா இருந்தா ஃபெவிகால்ல சொட்டு தண்ணி விட்டு மெல்லிசா. ரெண்டையும் சரிபாதியா கலந்து பிரஸ்ல அடிப்போம், இழுத்து சரி பண்ண நேரமும் கிடைக்கும், பிடிப்பும் இருக்கும். என்ன கேட்டா அனு, இந்த அறுபதுக்கு அட்டை மேல எதையும் ஒட்டாத. டப்பாவோட சாம்பல் பக்கத்த வெளிய வை, படம் போட்ட பக்கம் உள்ள போகட்டும். சாம்பல் மேல பசங்கள விட்டு வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோலம் போடச் சொல்லு, முதுகுல தறிக்காரத் தம்பி சொன்ன கைலித் துணி ஒரு இஞ்ச் பட்டை. ஒட்டலன்னா வளையவும் வளையாது.


சத்துவாச்சாரி அனு:

கோலமா!! அது மாமியார்தான் போடணும், அவங்க புள்ளிக் கோலம் தெருவே நின்னு பாக்கும். இப்பவே கேட்டுட்டேன், "எத்தன புள்ளி வேணும்"னு கேக்கறாங்க, அப்ப சம்மதம்னு அர்த்தம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். சாம்பல் அட்டைய மடிக்கறப்ப மடிப்புல வெள்ளையா வெடிக்குது, படம் போட்ட பக்கம்தான் வெடிக்குது. அப்புறம் 16 தாள் மடிச்சா நடு தாளெல்லாம் வெளிய துருத்திகிட்டு நிக்குதே, கத்திரியில வெட்டினா கோணலா வருது.


பழைய பைண்டர்:

மடிக்கறதுக்கு முன்னாடி கோடு அழுத்தணும். ஸ்கேல் வெச்சு, மை தீர்ந்த ரீஃபில்லாலயோ எவர்சில்வர் ஸ்பூனோட காம்பாலயோ அழுத்தி ரெண்டு தடவ இழு, அட்டை அறுபடக் கூடாது, பள்ளம் மட்டும் விழணும். பள்ளம் வெளிப்பக்கம் இருக்கணும், அதுக்கு எதிர்ப்பக்கமா மடி. வாட்டம் சரியா இருந்தா வெடிக்கறது பாதி குறைஞ்சிடும். படம் உள்ளதானே போகுது, லேசா வெடிச்சா விட்டுடு.

துருத்தறது எல்லா நோட்டுக்கும் உள்ளதுதான், வெளித் தாள் உள் தாளுங்கள சுத்தி வர்றதுலயே கொஞ்சம் நீளம் போயிடும், உள் தாள் முன்னால வந்து நிக்கும். தெச்சு முடிச்சு, ஒரு நாள் வெயிட்டுல வெச்சு, அப்புறம் வெட்டணும். கத்திரி ஆகாது. புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், ஒரே இழுப்புல வெட்டணும்னு நினைக்காம லேசா பத்து தடவ இழு. அறுபதையும் கையால வெட்டறது முதுகு போற வேலை. ஆஃபீஸர்ஸ் லைன் பக்கமோ உங்க ஏரியாவுலயோ பைண்டிங் கடையில கட்டிங் மிஷின் இருக்கும், அடுக்கிக் கொண்டுபோயி முன்பக்கம், மேல், கீழ் மூணு பக்கமும் வெட்டிக் கேளு, பெரிய காசு ஆகாது. முதுகு எல்லாம் ஒரே பக்கம் அடுக்கினா முதுகு தடிப்பா, முன்னால மெல்லிசா சரிஞ்சு நிக்கும், அதனால பத்து பத்தா கட்டி குடு. பசங்க மொதல்ல பின் அடிச்ச நோட்டு ஏதாவது கட்டுக்குள்ள கலந்துடாம பாத்துக்கோ, ஒரே ஒரு பின்னு மாட்டினா போதும், கடைக்காரர் பிளேட சாணை பிடிக்கற காசையும் உன்கிட்டதான் கேப்பாரு.


காட்பாடி ஜங்ஷன்:

அக்கா முப்பது டப்பா வேணும்னா எங்க ஹாஸ்டல் மெஸ்ல கார்ன்ஃபிளேக்ஸ் டப்பா வாரத்துக்கு ஒரு கட்டு வெளிய போகுது. வாட்டம் பாத்து விரிச்சே எடுத்து வெக்கறேன். சில டப்பா மேல வழவழன்னு லேமினேஷன் இருக்குது, அத எடுக்கலாமா?


ஆம்பூர் சோல்:

ஓரத்த கிழிச்சு பாருங்க தம்பி, மேல மெல்லிசு பிளாஸ்டிக் இழுபட்டு வந்தா லேமினேஷன். அது உள்ள போற பக்கம்தானே, கோல நோட்டுக்கு எடுக்கலாம். உள்ள ஏதாவது ஒட்டணும்னா மட்டும் உப்புத்தாள் வெச்சு நல்லா சொரசொரப்பு பண்ணிட்டு ஒட்டச் சொல்லுங்க, இல்லன்னா நாலு நாள்ல உரிஞ்சு வந்துடும்.


சத்துவாச்சாரி அனு:

தம்பி எடுத்து வைப்பா, சனிக்கிழமை வீட்டுக்காரர் காட்பாடி பக்கம் வர்றாரு, அவரையே அனுப்பறேன். விரிச்சே குடு, ஆனா மூடி மடிப்புங்கள வெட்டாத, அந்த சின்ன துண்டெல்லாம் பொண்ணு புக்மார்க் பண்ணணும்னு இப்பவே எழுதி வெச்சுட்டா.